பேர் சொல்லக் கூடாத ஒருத்தர்

"யாரும்மா அது? பேரைச் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பேர் சொல்லக் கூடாது சார்."

"முதல் எழுத்தாவது சொல்லேன்."

"சார்!"

துறைத்தலைவி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் தாவரவியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் இலை வாத்தியார். துறைத்தலைவியும் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்தான். தனி அறையும் சுழல் நாற்காலியும் வந்த பிறகும், அவர் உள்ளே நுழைந்தால் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுவார். இன்றைக்கும் நின்றார். "உக்காரும்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"விஷயம் இதுதான் சார். உங்க முதலாண்டு வகுப்புல ஒருத்தருக்குப் பார்வை ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஸ்லைடுல என்ன இருக்குன்னே தெரியறதில்ல. வகுப்புல இருந்தே புகார் வந்திருக்கு. புகார்னு சொல்லக் கூடாது, கவலைன்னு வச்சுக்கோங்க."

"அடப் பாவமே! என்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமே?"

"யாருக்கும் தைரியம் வரல சார். மனசு நோகக் கூடாதுன்னு பாக்கறாங்க."

"நான் என்ன புலியா, கரடியா?"

துறைத்தலைவி அலமாரியைப் பார்த்தார்.

"ஸ்லைடை எல்லாம் சரி பண்ணிடுங்க சார். எழுத்து பெருசா இருக்கணும், நிறம் பளிச்சுனு இருக்கணும், ஒவ்வொரு படத்துக்கும் அது என்னன்னு எழுத்துல ஒரு விளக்கம் வேணும். வெள்ளிக்கிழமை நானே வந்து வகுப்புல உக்காந்து பாக்கறேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதலாண்டை வேற ஒருத்தருக்குக் குடுக்கறதைத் தவிர எனக்கு வழி இல்ல சார்."

இலை வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாண்டு வகுப்பு அவருக்கு உயிர். ஆராய்ச்சி மாணவர்கள் வேண்டாம், பதவி வேண்டாம், பாராட்டு வேண்டாம். இலை என்றால் என்னவென்று தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு முதல் இலையைச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம் போதும் என்று இருக்கிற மனிதர். அதைப் பிடுங்கிக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

"வெள்ளிக்கிழமை வாம்மா. அசந்து போயிடுவே" என்று எழுந்தார். வாசலில் மாட்டியிருந்த மழைக்கோட்டைப் பார்த்து, "என்னப்பா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். பெரிய படிப்பு படித்தவர்களுக்கு நினைப்பு எங்காவது இருக்கும். அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அவருடைய ஸ்லைடுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லாம் அவரே பார்த்துப் பார்த்துச் செய்தவை. பின்னணி வெளிர்பச்சை, ஏனென்றால் அது தளிரின் நிறம். எழுத்து மஞ்சள், ஏனென்றால் அது மகரந்தத்தின் நிறம். தளிர்மேல் மகரந்தம் தூவினால் மனிதக் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் வந்ததில்லை. அவர் திரையைத் திரும்பிப் பார்த்தே பாடம் நடத்தமாட்டார். திரை பின்னால் இருக்கும், இவர் வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, இலையின் ஓரம், நரம்பு, காம்பு என்று மனதில் இருப்பதை அப்படியே கொட்டுவார்.

எந்தப் பாடமானாலும் கடைசி ஸ்லைடு கள்ளிச்செடிதான். "பொழைச்சா இது மாதிரி பொழைக்கணும்" என்று முடிப்பார். பழைய படம் மங்கிப்போயிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து ஒரு புது வண்ணப்படம் போட்டிருந்தார். அதிலிருந்து வகுப்புக்குக் கள்ளிச்செடியைக் கண்டாலே ஒரே குதூகலம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செடிகொடிமேல் இவ்வளவு பிரியமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"முதல்ல காலைப் பாருங்க" என்றாள் மனைவி. "ஒண்ணு கறுப்பு சாக்ஸ், ஒண்ணு பழுப்பு."

"யோசனையில இருந்தேன்."

"தினமுமா?"

"அக்கா, சும்மா இரு. அத்தான் பெரிய சிக்கல்ல இருக்கார்" என்று உள்ளேயிருந்து வந்தான் மச்சினன்.

மச்சினன் இரண்டு மாதம் முன்பு கடற்கரைக்குச் சுற்றுலா போய்விட்டு, திரும்பும் வழியில் அக்காவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரே பச்சை பனியன். முடியை ஒட்ட வெட்டிக்கொள்வான். சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு கையையும் மேலே தூக்கி "ஆஹா!" என்பான், அவனுக்குச் சந்தோஷம் அடிக்கடி வரும். வந்த அன்றே அத்தானின் கம்ப்யூட்டரில் தன் சுற்றுலாப் படங்களை எல்லாம் இறக்கி, வீட்டுக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினான். அதனால் குடும்பத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் நிபுணன் என்று பெயர்.

"எழுத்தைப் பெருசாக்கணுமா? இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்?"

பெரிதாக்கினார்கள்.

"இன்னும் பெருசா" என்றான் மச்சினன்.

இன்னும் பெரிதாக்கினார்கள். வரிகள் திரைக்கு வெளியே வழிந்தன. வழிந்ததை அடுத்த ஸ்லைடில் போட்டார்கள். அதிலிருந்து வழிந்ததை அதற்கடுத்ததில் போட்டார்கள். பாதி வேலையிலேயே நிபுணன் சோபாவில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். மீதியை இலை வாத்தியார் தனியாகவே பெரிதாக்கி முடித்தார்.

மறுநாள் வகுப்பில் முதல் ஸ்லைடு வந்தது. "ஒளிச்" என்றிருந்தது.

அடுத்தது, "சேர்க்".

அதற்கடுத்து திரை முழுக்கக் கொட்டை எழுத்தில், "கை".

ஏதோ உத்தரவு என்று நினைத்து மாணவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

"யாருக்கு என்ன சந்தேகம்?" என்றார் இலை வாத்தியார் மகிழ்ச்சியோடு.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்றைக்கு அவருக்கு உற்சாகமாக இருந்தது. எப்போதும் இல்லாத வழக்கமாகத் திரையைத் திரும்பிப் பார்த்தார், வாய்விட்டுப் படித்தார். 'பச்சையம்' என்பதை இத்தனை வருஷமாகப் 'பச்சயம்' என்று போட்டு வைத்திருப்பதைக்கூடக் கண்டுபிடித்தார். ஆனால் மணி அடித்தபோது பாடத்தின் முதல் வாக்கியம்தான் முடிந்திருந்தது.

"சார், இலை எப்ப வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடுத்த வாரம் எதிர்பாக்கலாம்."

இது வேலைக்கு ஆகாது என்று அவருக்கே புரிந்துவிட்டது. அந்த ஒருத்தர் யார் என்று தெரிந்தால் அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்துவிட்டுப் போகலாம். தெரியாமல் ஊருக்கெல்லாம் எழுத்தை ஊதிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை மானம் போய்விடும். வகுப்பும் போய்விடும்.

புதன்கிழமை பழைய ஸ்லைடுகளோடு வந்தார். தளிர்மேல் மகரந்தம்.

"இன்னிக்கு ஒரு சின்னப் பயிற்சி. கடைசி வரியை ஒவ்வொருத்தரா படிங்க பாக்கலாம்."

முதல் பையன் எழுந்தான். கண்ணைச் சுருக்கினான், கழுத்தை நீட்டினான். "தெரியல சார்."

"உக்காரு." இவன்தான் என்று மனதில் குறித்துக்கொண்டார். "நீ?"

"சார், ஏதோ மஞ்சளா இருக்கு. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

இவனும்தானா? அடுத்தவளைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. அடுத்தவன், அவனுக்கு அடுத்தவன். முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசை வந்தபோதும் அதே கதைதான்.

"ஏம்மா, ஏம்ப்பா, உங்க எல்லாருக்குமே இப்படியா? 'இலைத்துளை வழியாக நீராவி வெளியேறும்.' இவ்வளவு தெளிவா போட்டிருக்கு!"

"அந்த வரி அடுத்த ஸ்லைடுல சார்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. இரண்டாம் வரிசைக் கோடியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் வந்திருந்தார்.

இந்தப் பெண்ணோடு அவருக்குப் பழைய பஞ்சாயத்து உண்டு. எப்போது பார்த்தாலும் ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். "ஜன்னலோரம்! வெளிய என்ன வேடிக்கை? திரையைப் பாரு" என்று வகுப்புக்கு ஒருமுறையாவது அதட்டுவார். போதாதற்கு, வெயில் கொளுத்துகிற நாளிலும் ஒரு மடக்குக் குடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொள்வாள்.

"ஜன்னலோரம், நீயாவது படிம்மா."

"எனக்குத் தெரியாது சார்."

"ஏன் தெரியாது?"

"கண்ணு தெரியாது சார். பொறந்ததுலேருந்தே."

இலை வாத்தியார் கிட்டே போனார். மேசைமேல் இருந்தது குடை இல்லை. மடக்கி வைத்த வெள்ளைக் கைத்தடி.

அவருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. திரையைப் பார், திரையைப் பார் என்று எத்தனை முறை கத்தியிருக்கிறார்! "அம்மா..." என்று ஆரம்பித்தார். "ஏம்மா நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க 'திரையைப் பாரு'ன்னு சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும் சார். நானும் சேர்ந்து சிரிச்சுப்பேன். நல்லாத்தான் இருந்துச்சு."

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"இனிமே உனக்கு ஒரு குறையும் இருக்காது. என்ன வேணும், சொல்லு."

"எனக்கு இப்ப இருக்கிறதே போதும் சார்."

"கூச்சப்படாதே."

"கூச்சம் இல்ல சார், நெஜமாத்தான். மத்த வகுப்புல எல்லாம் 'இதோ பாருங்க, இங்கேர்ந்து இது அங்க போகுது'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எது எங்க போகுதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்க ஒருத்தர்தான் திரைப் பக்கமே திரும்பாம, இலையோட ஓரத்துல பல்லு எப்படி இருக்கு, நரம்பு எப்படிப் பிரியுதுன்னு எல்லாத்தையும் வாயால சொல்றீங்க. எனக்கு இலை தெரியும்னா உங்களாலதான் சார் தெரியும்."

இலை வாத்தியாரின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல பிள்ளை! கஷ்டத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் பேசுகிறதே! மனசு நோகக் கூடாது என்று துறைத்தலைவி சொன்னது இதைத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, நேரே அவர் அறைக்குப் போனார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! ஜன்னலோரம்தானே?"

துறைத்தலைவி எழுந்து நின்றார். "சார், அவளைப் பத்தி அவ சேர்ந்த அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னியா? காதுல வாங்கியிருக்க மாட்டேன்."

"அவளுக்கு வேண்டியதை எல்லாம் அப்பவே ஏற்பாடு பண்ணியாச்சு. இது வந்து..."

"நீ கவலைப்படாதே. இனிமே அது என் பொறுப்பு."

"சார், ஒரு நிமிஷம், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

அவர் போய்விட்டார். மழைக்கோட்டிடம், "நல்லா இருப்பா" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"கண்ணே தெரியாத பொண்ணுக்கு முந்தாநேத்து எழுத்தைப் பெருசாக்கிட்டு இருந்தீங்களா ரெண்டு பேரும்?"

"முந்தாநேத்து எனக்குத் தெரியாதே."

"அக்கா, இதுக்கு வேற வழி இருக்கு" என்றான் மச்சினன். "ஸ்லைடுல இருக்கறதைக் கம்ப்யூட்டரே சத்தமா படிக்கும். ஒரு பட்டனைத் தட்டிவிட்டா போதும். ஆஹா!" கை இரண்டும் மேலே போயின.

வியாழக்கிழமை வகுப்பில் பட்டனைத் தட்டிவிட்டார்.

"வணக்கம், இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ஸ்லைடு ஒன்று," என்றது இயந்திரம், மூக்கடைத்த குரலில். "தலைப்பு. இலையின் அமைப்பு. படம் நான்கு. படம் நான்கு. படம் நான்கு நகல்."

"இலையின் விளிம்பைப் பொறுத்தவரைக்கும்..."

"படம் ஏழு."

"கொஞ்சம் இருப்பா. விளிம்பைப் பொறுத்தவரைக்கும்..."

"படம் ஏழு புதியது. படம் ஏழு புதியது கடைசி. படம் ஏழு புதியது கடைசியிலும் கடைசி."

"நான் பேசலாமா, வேணாமா?"

"ஸ்லைடு இரண்டு" என்றது இயந்திரம்.

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இவர் குரலை உயர்த்தினார். அது உயர்த்தவில்லை, ஆனால் மூச்சும் விடவில்லை. ஜன்னலோரம் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு இலை வாத்தியார் பாடம் ஒன்றும் விளங்கவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் வகுப்பு முடிந்ததும். "படிக்கிற குரல் என் போன்லயே இருக்கு. முதல் நாளே எனக்கு ஸ்லைடை அனுப்பிச்சா வீட்டுலயே கேட்டுட்டு வந்துடுவேன். 'படம் ஏழு'ன்னு இருக்கிற இடத்துல அது என்ன படம்னு ரெண்டு வரி எழுதிப் போட்டா போதும். வகுப்புல உங்க குரல்தான் சார் வேணும்."

இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. இதைத்தானே துறைத்தலைவியும் திங்கட்கிழமையே சொன்னார்? கேட்டுவிட்டுச் செய்திருந்தால் மூன்று நாள் மிச்சம்.

வீட்டுக்குப் போனவுடன் காரியத்தில் இறங்கினார். பின்னணியை வெள்ளையாக்கினார், எழுத்தைக் கறுப்பாக்கினார், அளவாகப் பெரிதாக்கினார். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம். சரியாக வருகிறதா என்று பார்க்க மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கண்ணை மூடிக்கோ. நான் படிக்கிறேன். படம் மனசுல வருதா சொல்லு."

"எனக்குச் சமையலறையில வேலை கிடக்கு."

"என் வகுப்பே போகப் போகுதுடி."

அவள் மறுபேச்சு பேசாமல் கண்ணை மூடினாள். செம்பருத்தி இலை வந்தது, அவளுக்குத் தெரிந்தது. ஆலம்விழுது வந்தது, தெரிந்தது. வேர்முடிச்சைக்கூட, "கொண்டைக்கடலை ஒட்டின மாதிரி இருக்கா?" என்று சரியாகக் கேட்டாள். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசி ஸ்லைடுக்கு வந்தார்.

"பச்சை நிறம். சதைப்பிடிப்பான உடம்பு. கழுத்துன்னு தனியா ஒண்ணும் கிடையாது. தலையில குட்டை குட்டையா குத்திட்டு நிக்கும். ஒரு இடத்துல ஊணிட்டா அங்கேருந்து அசையவே அசையாது. யாரும் கவனிக்கலன்னாலும் அதுபாட்டுக்குப் பருத்துக்கிட்டே இருக்கும்..."

மனைவி படக்கென்று எழுந்து நின்றாள். "போதும் நிறுத்துங்க! ரெண்டு மாசம் தங்கிட்டான்னு என் தம்பியை இப்படியா சொல்லிக் காட்டுவீங்க?"

"அய்யோ, இது கள்ளிச்செடி!"

"எனக்குத் தெரியாதா யாரைச் சொல்றீங்கன்னு?" திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு பாத்திரங்கள்தான் பேசின.

வாய்விட்டு அலறவேண்டும் போல இருந்தது அவருக்கு. ஆனாலும் விளக்கத்தை மாற்றவில்லை. கள்ளிச்செடி அப்படித்தானே இருக்கிறது? ஸ்லைடை ஜன்னலோரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மாணவர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

முதல் ஸ்லைடு வந்தது. வெள்ளையில் கறுப்பு. யாரும் கண்ணைச் சுருக்கவில்லை, கழுத்தை நீட்டவில்லை. அவர் ஒரு கண் திரையிலும் ஒரு கண் வகுப்பிலுமாகப் பேச ஆரம்பித்தார். எழுதியிருப்பதைப் படித்தார், படத்தை வாயால் சொன்னார். பேசுகிறதும் எழுதியிருப்பதும் ஒன்றாகவே போயின. ஜன்னலோரம் முந்தின நாளே கேட்டுவிட்டு வந்திருந்ததால் நடுவில் கையைத் தூக்கி இரண்டு நல்ல கேள்விகள் கேட்டாள். கடைசி வரிசையில் துறைத்தலைவியின் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இலை வாத்தியார் நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் சார்ஜ் இல்லை என்று கத்தியது. சார்ஜரோ வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

வீட்டுக்கு போன் போட்டார். "தம்பிக்கிட்ட குடுத்து அனுப்பறேன்" என்றாள் மனைவி. "செடி மாதிரி அசையாம நிக்கிறவன்தான், ஆனா உங்களுக்காக ஓடி வருவான்." நேற்றையது இன்னும் ஆறவில்லை.

சார்ஜர் வருவதற்குள் எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினார். கடைசி ஸ்லைடு வந்துவிட்டது. வழக்கம் போல வகுப்பில் ஒரு கிளுகிளுப்பு. துறைத்தலைவியின் பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"கள்ளிச்செடி" என்று இலை வாத்தியார் உணர்ச்சியோடு ஆரம்பித்தார். "பச்சை நிறம். சதைப்பிடிப்பான உடம்பு. கழுத்துன்னு தனியா ஒண்ணும் கிடையாது. தலையில குட்டை குட்டையா..."

முன்வரிசைப் பையன் நோட்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். பக்கத்துப் பெண்ணின் தோள் குலுங்கியது.

"இருபக்கமும் ரெண்டு கிளை, வானத்தைப் பாத்து..."

கதவு திறந்தது.

"அத்தான், சார்ஜர்!" பச்சை பனியனோடு, மூச்சு வாங்க, மச்சினன் நின்றான்.

வகுப்பு ஒரு நொடி மூச்சை அடக்கியது. அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டது. கைதட்டல், விசில், மேசையில் தட்டுகிற சத்தம். எழுந்து நின்றே தட்டினார்கள். வாழ்க்கையில் யாரும் மச்சினனை இப்படி வரவேற்றதில்லை. அவனுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திரைக்கு நேர் முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஆஹா!" என்றான்.

அவ்வளவுதான். துறைத்தலைவிகூட முகத்தைப் பொத்திக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டார். ஜன்னலோரம், "என்னடி ஆச்சு? சொல்லுடி" என்று பக்கத்துப் பெண்ணைப் பிடித்து உலுக்கினாள். அவள் சிரிப்புக்கு நடுவே காதில் என்னமோ சொன்னாள். ஜன்னலோரத்தின் வாய் அப்படியே திறந்துகொண்டது.

இலை வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சார்ஜரைக் கையில் வாங்கிக்கொண்டு பரிதாபமாக நின்றார். நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது! துறைத்தலைவி முன்னாலேயே வகுப்பு கலைந்துவிட்டதே!

"என்னம்மா?" என்றார். "அவ்வளவுதானா? வகுப்பு போச்சா?"

துறைத்தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தார். "யார் சொன்னது? முதலாண்டு உங்ககிட்டயேதான் சார். ஸ்லைடு இப்ப எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? உங்களை விட்டா இவங்களுக்கு இப்படி யார் சொல்லிக் குடுப்பா?"

வகுப்பு மறுபடியும் தட்டியது. இலை வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா சார்," துறைத்தலைவி தயங்கினார், "அந்த ஒருத்தர் விஷயம் இன்னும் பாக்கி இருக்கு."

"அதான் ஜன்னலோரத்துக்கு முதல் நாளே அனுப்பிச்சுட்டேனே!"

துறைத்தலைவி மாணவர்களைப் பார்த்தார். மாணவர்கள் கூரையைப் பார்த்தார்கள். மச்சினன் ஒன்றும் புரியாமல் கையை இறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். எல்லாருக்கும் சொல்ல ஆசை, யாருக்கும் வாய் வரவில்லை.

ஜன்னலோரம் எழுந்து நின்றாள்.

"நான் சொல்லிடறேன் மேடம், இந்த விஷயத்துல எனக்குக் கூச்சம் கிடையாது. பார்வை குறைஞ்ச அந்த ஒருத்தர் நான் இல்ல சார், நீங்கதான். ரெண்டு மாசமா நீங்க கள்ளிச்செடின்னு காட்டிட்டு இருக்கிறது இப்ப சார்ஜர் கொண்டுவந்தவரைத்தானாம்!"